வண்டுக்கு ஒரு சாய்மானம்

கிழிந்ததையும் அமுங்கியதையும் தூக்கிக்கொண்டுதான் அந்தக் குஷன் கடைக்கு ஆட்கள் வருவார்கள். சோபா உறை, சாப்பாட்டு மேசை நாற்காலி, மோட்டார் சைக்கிள் சீட்டு, நாய் கடித்துக் குதறிய திண்டு. அன்று காலை வந்த பெண் வெறுங்கையோடு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தாள். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த ஃபோம் பலகைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரிவா ஒரு திண்டு வேணும். ஒரு பக்கம் உசரம், ஒரு பக்கம் தாழ்வு. செய்வீங்களா?" என்று கேட்டாள்.

"ஆப்பு மாதிரி," என்றார் கடைக்காரர்.

"ஆமா. ஆனா யாருக்கும் வைக்கிற ஆப்பு இல்லை."

கடைக்காரரைத் தெருவே பஞ்சு என்றுதான் கூப்பிடும். புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் கொஞ்சம் பஞ்சுத்தூள் ஒட்டியிருக்கும். அதனால் வந்த பெயர். "முதுகு வலிக்கா?" என்று அவர் கேட்டார்.

"இல்லைங்க." அந்தப் பெண் சற்று யோசித்தாள். "வலிக்கு நேர் எதிர்ப்பக்கம்."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. உணவு விடுதி ஒன்றிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. அவற்றை இறக்கப் பஞ்சு வெளியே போய்விட்டார். தையல் மிஷினில் இருந்த அவருடைய மனைவி காலைப் பெடலிலிருந்து எடுத்தாள். அவளைத் தெருவில் மெத்தையக்கா என்பார்கள்.

"எங்கிட்ட சொல்லும்மா. படுக்கறதுக்கா, உக்காறதுக்கா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தவில்லை. அதுதான் மெத்தையக்காவுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பின்பக்கச் சந்தில் அவள் ஒரு கடை வைத்திருக்கிறாள். பெரியவர்களுக்கான சாமான்கள். தனியாக இருக்கும்போதோ சோடியாக இருக்கும்போதோ உடம்புக்குச் சுகம் தருகிற கருவிகள். வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து, 'இது வேலை செய்யலை' என்கிறார்கள்.

"கையில வாங்கிப் போட்டுப் பார்த்தா நல்லாத்தான் ஓடுது அக்கா. சாமான்ல கோளாறே இல்லை. படுத்திருக்கற விதத்துலதான் கோளாறு. அதைச் சொன்னா ஒருத்தரும் நம்பறதில்லை. கையில ஒரு திண்டைக் கொடுத்தா நம்புவாங்க."

மெத்தையக்காவின் காது சூடானது. ஆனாலும் கை தன்பாட்டில் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்திருந்தது. "எவ்வளவு உசரம்?"

"அதுதான் எனக்கும் தெரியலை." சந்துக் கடைக்காரி தன் பைக்குள் கைவிட்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பாவை எடுத்து, நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்தாள். "புதுசு. உங்களுக்குத்தான். எதுக்குத் தைக்கிறோம்னு தெரிஞ்சாத்தானே அளவு வரும்?"

உட்காரப் போகிற ஆளைப் பார்க்காமல் மெத்தையக்கா இதுவரை ஒரு நாற்காலிக்குக்கூடத் திண்டு தைத்ததில்லை. டப்பாவை மிஷின் இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள்.

பஞ்சு வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது கடைக்காரி போய்விட்டிருந்தாள். "என்னவாம்?"

"உடம்புக்கு மசாஜ் பண்ணுற கருவியாம். அதை வச்சுக்கிறப்ப சாஞ்சுக்கறதுக்காம்."

"ஓ," என்றார் பஞ்சு. பூனை பால் சட்டியைப் பார்க்காததுபோலப் போகுமே, அப்படி ஒரு முகத்தோடு ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். மகள் படிக்க வெளியூர் போன பிறகு பின்பக்கத்தில் சத்தம் குறைந்துவிட்டது. அதற்கு முன்பே வேறொன்றும் குறைந்திருந்தது. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை மாடிப்படியில் திருப்பும்போது பஞ்சுவின் முதுகு பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்த பிறகும், தொட்டால் எங்கே வலிக்குமோ என்று அவள் ஒதுங்கிப் படுத்தாள். அவள் ஒதுங்கிப் படுக்கிறாளே, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் ஒதுங்கிப் படுத்தார். ஊருக்கெல்லாம் மெத்தை செய்கிற இரண்டு பேர், தங்கள் மெத்தையில் ஆளுக்கொரு ஓரத்தில் பலகைபோலக் கிடந்தார்கள். மாதவிலக்கும் நின்றபின், அந்த அறையைப் பூட்டியாகிவிட்டது, சாவி இனி எதற்கு என்று மெத்தையக்கா தனக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு மதியம், பஞ்சு விடுதி நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். அவள் கடைக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, டப்பாவோடு பின்பக்கம் போனாள். வேலை விஷயம்தானே என்று தனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற வழவழப்பான சாமான். பொத்தானை அமுக்கியதும் 'ம்ம்ம்' என்று இரைந்தது. அவள் பதறிப்போய்த் தலையணைக்கு அடியில் திணித்தாள். தலையணையும் இரைந்தது. கட்டிலும் சேர்ந்துகொண்டது. "அடச்சே, வண்டு," என்று அதட்டி எடுத்தாள். அதோடு அதற்குப் பெயரும் ஆயிற்று.

மல்லாந்து படுத்தாள். கால் இரண்டையும் நேராக நீட்டினாள். கண்ணை இறுக மூடினாள். வண்டு இரைந்தது. எங்கே இரைந்தது என்றால், பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற மிஷின் ஓடுகிற மாதிரி, எங்கேயோ. அவள் காத்திருந்தாள். விடுதி நாற்காலிகளுக்குச் சாம்பல் நிற நூல் போட்டிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு வந்தது. கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தாள். சுத்தம் செய்து ரொம்ப நாளாயிற்று, ஒட்டடை தொங்கியது. எழுந்து வண்டைத் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்து ஒட்டடை அடித்தாள்.

"உனக்கும் எனக்கும் ஒத்து வராது," என்றாள் டப்பாவைப் பார்த்து. பூட்டிய அறை பூட்டியதுதான் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே என்று இருந்தது.

மறுநாள் அளவு கேட்கிற சாக்கில் சந்துக்குப் போனாள். அந்தக் கடை அவள் நினைத்த மாதிரி இல்லை. வாசலில் ஒரு திரை. உள்ளே மூக்குக்கண்ணாடிக் கடைபோலக் கண்ணாடி அலமாரிகள், வெள்ளை விளக்கு, ஒரு தொட்டியில் பச்சைச் செடி. கடைக்காரி தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எப்படி இருந்துது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலைம்மா. வயசு ஆச்சு."

"எப்படிப் படுத்திருந்தீங்க?"

மெத்தையக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. நின்ற இடத்திலேயே கால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி, முகவாயை நிமிர்த்திக் காட்டினாள்.

கடைக்காரி பெட்டிமேல் சரிந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, கொடி ஏத்தப் போறீங்களா?"

சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்.

"காலை விறைப்பா நீட்டிப் படுத்தா தொடையும் அடிவயிறும் இழுத்துப் பிடிச்சுக்கும். இடுப்பு கீழ்ப்பக்கம் போயிடும். வண்டு தொடற இடம் ஒண்ணு, உங்களுக்கு உணர்ச்சி இருக்கற இடம் வேற. ஒரு காதைப் பொத்திக்கிட்டுப் பாட்டுக் கேக்கற மாதிரி. இடுப்புக்கு அடியில கொஞ்சம் ஏத்திக் கொடுங்க, முட்டியை மடக்குங்க. அதே வண்டு, அதே வேகம், வேற மாதிரி தெரியும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னா இவ்வளவு பேர் ஏன் திரும்பி வர்றாங்க? காலைச் சேர்த்து வச்சா சுகம் பரவலா, மெத்துனு வரும். விரிச்சா ஒரே இடத்துல சுருக்குனு வரும். சிலருக்கு அது ஜாஸ்தி. குப்புறப் படுத்தா உங்க எடையே அமுக்கிக் கொடுக்கும், கைக்கு வேலை இல்லை. சிலருக்கு ஒருக்களிச்சாத்தான் மூச்சு நல்லா இறங்கும். எது உங்களுக்குன்னு நான் சொல்ல முடியாது. என் உடம்பு வேற, உங்க உடம்பு வேற. அவசரப்படாதீங்க. அப்புறம் இந்தாங்க, இந்த ஜெல்லும் எடுத்துட்டுப் போங்க. இந்த வயசுல காய்ஞ்சு போறது சகஜம். அதை வச்சு உங்களை நீங்களே தள்ளி வச்சுடாதீங்க."

மெத்தையக்கா வீட்டுக்கு நடந்தாள். காய்கறிக் கடையில் நின்றாள், எதற்கு நின்றோம் என்று மறந்துபோய் நகர்ந்தாள். இத்தனை வருஷம் மனிதர்கள் எப்படி உட்கார்கிறார்கள், எங்கே அழுந்துகிறார்கள், எங்கே தாங்கல் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தைத்தவள், தன் உடம்பைத் தானே ஒரு பலகைபோலக் கிடத்திவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றாளே! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிரிப்பும் வந்தது.

முதல் ஆப்பை அன்று மாலையே வெட்டினார்கள். பஞ்சு கத்தியைத் தீட்டிக்கொண்டு, "மெத்து ஃபோமா, கெட்டி ஃபோமா?" என்றார்.

"கெட்டி. மெத்துன்னா உள்ள அமுங்கிப் போயிடும், ஏத்தம் நிக்காது."

"மேல ஒரு இஞ்சு மெத்து ஒட்டிக்கலாம். எலும்பு படற இடம்." சொல்லிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "எலும்பு படும்தானே?"

"படும், படும். வெட்டுங்க."

அந்த ஆப்பு செங்குத்தாக வந்துவிட்டது. மறுநாள் மதியம் அவள் அதில் இடுப்பை வைத்துப் படுத்த மாத்திரத்தில், மெல்ல மெல்லத் தலைப்பக்கமாக வழுக்க ஆரம்பித்தாள். வழுக்கி வழுக்கித் தலை கட்டில் சட்டத்தில் முட்டி நின்றது. முகத்துக்கு ரத்தம் ஏறியது. வண்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் ஓடி இரைந்தது. அவள் தரையில் மண்டிபோட்டு, துடைப்பத்தால் அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சரிவு ஜாஸ்தி," என்றாள் மாலையில்.

"எப்படித் தெரியும்?" என்றார் பஞ்சு அப்பாவியாக.

"பார்த்தாலே தெரியாதா?"

இரண்டாவது ஆப்பின் சரிவைக் குறைத்தார்கள். உறைக்கு வழுக்காத துணி போட்டார்கள். இந்த முறை அவள் வழுக்கவில்லை. இடுப்பு சரியான இடத்தில் நின்றது. வண்டு முதன்முறையாகப் பக்கத்து வீட்டை விட்டு இந்த வீட்டுக்கு வந்தது. 'அட' என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. சுகத்தில் வந்த நடுக்கம் அல்ல, பாரம் தூக்கிய நடுக்கம். மடக்கிய முட்டிகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. அவற்றை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதே தொடைக்கு முழுநேர வேலையாக இருந்தது. கவனம் முழுக்க அங்கே போய்விட்டது.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. உடம்பைத் தானே தாங்கிக்கொண்டிருக்கிற ஆளுக்கு எப்படி உடம்பு தெரியும்? யாராவது தாங்கிக்கொண்டால்தானே கையைக் காலை மறக்கலாம். நல்ல நாற்காலியில் உட்கார்ந்தவன் நாற்காலியை மறந்துவிடுவான் என்று பஞ்சுதான் அடிக்கடி சொல்வார்.

எழுந்துபோய்க் கடையிலிருந்து, சோபாக் கைப்பிடிக்காக உருட்டி வைத்திருந்த ஃபோமை எடுத்துவந்து முட்டிக்கு அடியில் கொடுத்தாள். கால்கள் இரண்டும் அதன்மேல் பொத்தென்று சாய்ந்தன. வயிறு இளகியது. மூச்சு எங்கேயோ ஆழத்துக்கு இறங்கிவிட்டு வந்தது. கடைக்காரி கொடுத்த ஜெல்லும் சேர்ந்துகொள்ள, வண்டு வழி கேட்காமலே வந்து சேர்ந்தது. அவள் இடுப்பை ஒரு விரற்கடை அசைத்தாள். அந்த ஒரு விரற்கடையில் எல்லாம் மாறிப்போனது. காலைச் சேர்த்தாள், இரைச்சல் தேன் மாதிரி கெட்டியாகிப் பரவியது. மெல்ல விலக்கினாள், கூர்ந்தது. எது வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, இதுவும் அதுவும் என்று மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டு கிடந்தாள். கடைசியில் அவள் கேட்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. உள்ளங்கால் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பிவந்த அந்த அலை அடங்கியதும், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்தது. ஒட்டடை இல்லாத உத்தரம் பளிச்சென்று இருந்தது.

அன்று மாலை பஞ்சு மேசைமேல் ஆப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையைக் கழற்றினார். உள்ளங்கையால் ஃபோமைத் தடவினார். நல்ல ஃபோம் அமுங்கினால் உடனே எழும்பும். ஆனால் ரொம்ப நேரம் அமுங்கினால் கொஞ்ச நேரத்துக்குத் தடம் வைத்திருக்கும். சோபாவைத் தொட்டுப் பார்த்தே அந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார்கள் என்று சொல்கிறவர் அவர்.

"ஏம்மா."

"என்னங்க?" மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இது உக்காந்த பள்ளம் இல்லையே."

மிஷின் ஊசி ஒரு தையல் தப்பியது.

"முதுகு சாஞ்ச பள்ளமும் இல்லை. வலது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி அமுங்கியிருக்கு. நம்ம வீட்ல ஒருத்தர் வலது பக்கம்தான் சாய்வாங்க. இங்க ஒரு அசைவு... இங்க இன்னொரு அசைவு..." அவர் விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். "இங்க வந்ததும் ரொம்ப நேரம் அசையவே இல்லை. ஆஹா."

மெத்தையக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "கையை எடுங்க அதுலருந்து."

"வண்டு எப்படி இருக்கு?"

அவள் விருட்டென்று திரும்பினாள். "வண்டுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீதான். நேத்து கட்டிலுக்கு அடியில 'வாடா வண்டு, வாடா வெளிய'ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தியே. நான் டேப் மறந்துட்டு எடுக்க வந்தேன். சத்தம் கேட்டுச்சு. அப்படியே திரும்பிப் போயிட்டேன்." நமட்டுச் சிரிப்பு உதட்டோரத்தில் இருந்தது. "அந்தப் பொண்ணு 'வலிக்கு எதிர்ப்பக்கம்'னு சொன்னப்பவே தெரிஞ்சுது. என் பேருதான் பஞ்சு. மண்டையில இருக்கறது பஞ்சு இல்லை."

அவள் அளவு நாடாவைச் சுருட்டி அவர்மேல் எறிந்தாள். அவர் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகு சிரிப்பு குறைந்துபோய், நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்க முதுகு..."

"முதுகுதான் மடங்காது. காது கேக்கும். கையும் நல்லாத்தான் இருக்கு."

"நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க."

"நீ ஓரமாப் போனே. சரி, அலுத்துப் போச்சு போலன்னு நினைச்சேன்."

"அலுத்துப் போச்சா? உங்களுக்கு மூச்சுவிட்டாக்கூட வலிக்கும்னு டாக்டர் சொன்ன மாதிரி நடந்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

"டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாரு," என்றார் பஞ்சு. "நீ இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். பஞ்சு நடந்துபோய்க் கடைக் கதவை இறக்கினார். முழுவதுமாக இறக்கினார். மாலை வெளிச்சம் கதவு இடுக்கில் ஒரு கோடாக நின்றது.

"வேலை நேரம்," என்றாள் அவள்.

"இதுவும் வேலைதானே? சோடியாப் படுக்கிறவங்களுக்கும் இந்தத் திண்டு சரியா வருமான்னு பார்க்க வேண்டாமா? வாங்கறவங்ககிட்ட பொறுப்பு இல்லையா நமக்கு?"

அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஃபோம் பலகை இரண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் ஆப்பை வைத்தார்கள். வண்டைக் கையில் கொடுத்ததும் பஞ்சு அதை ஸ்டேப்ளர் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். "ஐயோ, சட்டத்துல ரெக்சின் அடிக்கப் போறீங்களா? மெல்ல," என்று அவள் கையைத் தட்டினாள். அவர் ஆப்பின் அருகில் முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார், முதுகு 'வேண்டாம்' என்றது. குனிந்து பார்த்தார், முதுகு திட்டியது. வண்டைத் தன் இடுப்பின் பின்பக்கம் வைத்துப் பார்த்து, "அம்மாடி... இங்கயும் நல்லாத்தான் இருக்கு," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கு இல்லைங்க அது!"

"எனக்குக் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."

அவள் சிரித்த சிரிப்பில் ஆப்பு நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தபோதுதான் அவளுக்கு யோசனை வந்தது. ஆப்பைக் குறுக்கே நிறுத்தி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தாள். முட்டிகளுக்கு நடுவில் உருளையைச் செருகினாள். அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு அவர் நெஞ்சில் தன் முதுகு படும்படி, அவளும் ஒருக்களித்துச் சாய்ந்தாள். அவர் கை சுற்றிவந்தது. வண்டைக் கை மாற்றிக் கொடுத்தாள். மேல்காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, முன்பக்கம் நீட்டியிருந்த உருளை முனைமேல் போட்டாள்.

"இப்படியா?"

"கொஞ்சம் கீழ."

"இப்படி?"

"பேசாதீங்க."

மல்லாந்து தனியாகப் படுத்தபோது வந்தது வேறு, இது வேறு. அதில் கூர்மை அதிகம். இதில் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. முதுகுப் பக்கம் அவருடைய சூடு, காதில் அவருடைய மூச்சு. வண்டு இரைவது அவர் விரல் எலும்பு வழியாக அவருக்கும் கேட்டது. யாரும் யாரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவசரம் இல்லாமல், ரொம்ப நாள் கழித்துச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் வழியை ஞாபகப்படுத்திக்கொண்டு போவதுபோலப் போனார்கள். கதவு இடுக்கின் வெளிச்சக் கோடு மங்கி அணைந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடியது. மூன்றாவது ஆப்பு, நான்காவது ஆப்பு என்று செய்து, கடைசியில் ஒரு வடிவத்துக்கு வந்தார்கள். ஆப்பும் உருளையும் இரண்டாகப் பிரிந்து வரும். சேர்த்தும் வைக்கலாம், தனித்தனியாகவும் வைக்கலாம். குப்புறப் படுக்கிறவர்கள் தாழ்வான முனையை வயிற்றுப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மெத்தையக்கா கண்டுபிடித்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று பஞ்சு கேட்டதற்கு, "உங்களுக்கு எல்லாம் சொல்லணுமா?" என்றாள்.

பூர்த்தியான ஆப்பையும் உருளையையும் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பஞ்சுவின் அக்கா வந்து நின்றாள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. பார்வையாலேயே வகுப்பை அடக்குகிறவள். தம்பி வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பார்வையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர மாட்டாள்.

"என்னடா இது?"

"காலுக்கு," என்றார் பஞ்சு.

"முதுகுக்கு," என்றாள் மெத்தையக்கா, அதே மூச்சில்.

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பொய் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண். பிறகு ஆப்பைக் கையால் அழுத்தினாள். மேசைமேல் ஏறி உட்கார்ந்து, ஆப்பின்மேல் சாய்ந்தாள். உருளையை எடுத்து முட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கோ," என்றாள் கடைசியில். "சாப்பிட்டுப் படுத்தா எனக்கு நெஞ்செரிச்சல். இது நல்லா இருக்கு. எடுத்துட்டுப் போறேன்."

"அண்ணி, அது வேற ஒருத்தருக்கு..."

"அவங்களுக்கு வேற தைச்சுக் கொடு." இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "உறையில அந்தச் சந்துக்கடை பேர் தைச்சிருக்கு. நான் அங்க போயிருக்கேன். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு." அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "டேய், வாயை மூடு. ஈ போகும்."

அவள் தெருமுனை திரும்பும்வரை பஞ்சு அசையாமல் நின்றார். மெத்தையக்கா ஃபோம் அடுக்குக்குப் பின்னால் போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

கடைக்காரிக்கு அந்த வடிவம் பிடித்துவிட்டது. கடையிலேயே தரையில் படுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, முட்டிக்குத் தாங்கல்னு எனக்குத் தோணவே இல்லையே," என்றாள். ஆர்டர் கிடைத்தது. திரும்பக் கொண்டுவந்து 'வேலை செய்யலை' என்றவர்களில் சிலர் ஆப்போடு போய், பிறகு வரவில்லை. வராமல் இருப்பதுதான் அந்தத் தொழிலில் பாராட்டு என்று கடைக்காரி சொன்னாள். ஒரு அம்மா மட்டும் வந்து, வேறு நிறத்தில் உறை கிடைக்குமா, வீட்டில் சோபா பச்சை என்று கேட்டாளாம்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு முற்பகல் கடைக்காரி தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய வாடிக்கையாளர் ஒருவர். வயதானவர், தனியாக இருப்பவர். வலது முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆகி, கால் முழுதாக மடங்காது. மல்லாந்து படுத்தால் இடுப்பு திருகுகிறது, ஒருக்களித்தால் கால் தொங்குகிறது. அவருக்கென்று ஏதாவது செய்ய முடியுமா?

மெத்தையக்கா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பஞ்சுவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவங்க எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாங்கன்னு கேளு. மெத்தை கெட்டியா, மெத்தா?"

அவள் கேட்டாள். "இடது பக்கமாம். மெத்தை பழசு, நடுவுல பள்ளமாம்."

"வலது கால் எவ்வளவு மடங்கும்?"

"இவ்வளவுதானாம்." அவள் தன் காலை மடக்கிக் காட்டினாள். சரியாக வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, வெட்டுமேசைமேல் ஏறி இடது பக்கமாகப் படுத்தாள். வலது காலை விறைப்பாக வைத்துக்கொண்டாள். "இதோ பாருங்க, இப்படி. இடுப்புக்கும் காலுக்கும் நடுவுல இங்க ஒரு சந்து விழுது பாருங்க. இங்கதான் எல்லாம் இழுக்குது."

பஞ்சு குனியாமல், முட்டியை மடக்கி இறங்கி, அந்தச் சந்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சாக்குக்கட்டியால் அவள் உடம்போரமாக மேசைமேல் கோடு இழுத்தார். கணுக்கால் பக்கம் வந்தபோது வேண்டுமென்றே உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார்.

"அளவெடுங்க ஒழுங்கா!"

"அளவுதாம்மா எடுக்கறேன். அசையாதே."

"வாடிக்கையாளர் யாராவது வந்துடப் போறாங்க."

"வந்தா என்ன? நீதான் மாடல்னு சொல்லுவேன்," என்றார் பஞ்சு. எழுந்துபோய், கதவைப் பாதி இறக்கிவிட்டு, கெட்டி ஃபோமில் ஒரு துண்டை உருவினார்.